கதவு எண் 17, கதவு எண் 17அ

சௌந்தர்யாவுக்கும் நந்தினிக்கும்,

திங்கட்கிழமையிலிருந்து நம் இ-சேவை மையத்தின் முதல் கவுன்ட்டர் உங்கள் பொறுப்பு. ஓய்வு பெறும் வயதில் நான் இல்லை. கணவருக்கு ஓசூருக்கு மாற்றல், மகளுக்கு மூன்று வயது, அவ்வளவுதான் காரணம். ஆனால் ஆறு வருடம் உட்கார்ந்த நாற்காலியை விட்டுப் போகிறவள் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று தோன்றுகிறது. எந்தப் படிவத்தை எங்கே ஏற்றுவது என்பது இல்லை. அதைப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், சொல்லாததைத் திரையே சொல்லும்.

முதலில் என்னைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பதை ஒப்புக்கொள்கிறேன். எதையும் மூன்று தடவை பார்க்கிறவள் நான். மகளுக்குக் காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்று பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்து, ஊற்றி, ஊற்றிய பிறகும் ஒருமுறை படிப்பேன். கேஸ் மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடியிருக்கிறேன். "உனக்குச் சம்பளமே சந்தேகப்படறதுக்குத்தான் குடுக்கறாங்க" என்பார் கணவர். வீட்டில் இது தொல்லைதான். கவுன்ட்டரில் இது தொல்லை இல்லை. நான் தவறு செய்தது சந்தேகப்பட்டபோது அல்ல, ஒரே ஒரு நாள் சந்தேகப்படாமல் இருந்தபோது.

சின்ன விஷயம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சித்தேரியிலிருந்து ஒருவர் பட்டா நகலுக்காக வந்தார். ஆதார் ஜெராக்ஸ் இல்லை என்று அனுப்பினேன். அடுத்த வாரம் வந்தார், புல எண் தெரியவில்லை என்று அனுப்பினேன். மூன்றாவது தடவை வந்தபோது அவர் கோபப்படவில்லை. "இன்னும் எத்தன இருக்குதுன்னு மொத்தமா சொல்லிருங்க பாப்பா. மலையில இருந்து பஸ்ஸு உங்க ஆபீசுக்குன்னு தனியா வுடல" என்றார். அன்றிலிருந்து தேவையான எல்லாவற்றையும் ஒரே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது சகாயமேரி அம்மா விஷயம்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு ஊர் அவருடையது. பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள், விவசாயம்தான் தொழில், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்கோ டவுன் வேலைக்கோ போனவர். அவருடைய கணவர் இன்னாசி ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முன்னாள் படைவீரரோ அவருடைய மனைவியோ சொந்த வீட்டில் தாங்களே குடியிருந்தால், அந்த ஒரு வீட்டுக்கு வரி விலக்கு கேட்கலாம். வீடு அந்தக் கணவர் அல்லது மனைவி பெயரில் இருக்க வேண்டும். நிபந்தனைகளை ஒவ்வொரு முறையும் புதிய ஆணையில் பாருங்கள், போன வருடம் படித்ததை நம்பி உட்காராதீர்கள்.

வரி பெரிய தொகை இல்லை. அதைச் சொன்னபோது சகாயமேரி அம்மா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காசுக்காக வரலீங்க. இந்த வூடு பட்டாளத்துக்காரர் வூடுன்னு கவர்மென்ட்டே ஒரு பேப்பர் குடுக்குமாமில்ல. அது அவரு பேர்ல வேணுங்க."

பழைய ரசீதைக் கேட்டேன். பெட்டியில் எங்கோ இருக்கிறது, அவர் பெயரில்தான் இருக்கும் என்றார். கையில் இருந்தது வீட்டு வாசலில் ஊராட்சி அடித்திருந்த நீலத் தகட்டின் போட்டோ மட்டும். கதவு எண் 17. நம்பர் இருந்தால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எண்ணைத் தட்டினேன். திரையில் வந்த பெயர் இன்னாசி இல்லை, ஆரோக்கியசாமி.

"ஆரோக்கியசாமி யாருங்கம்மா?"

"எங்க கொழுந்தன். பக்கத்து வூடு. அவன் பேரு எதுக்கு வருது?"

"இந்த வீட்டு வரி அவர் பேர்லதான் இருக்கு."

"இல்ல பாப்பா, எங்க ரசீதுல எங்க வூட்டுக்காரர் பேருதான் இருக்கும். நான் பாத்திருக்கறேன்."

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு முறை ஒரே விஷயத்தைச் சொன்னார். அவருக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நின்றது, மகளைப் பால்வாடியிலிருந்து கூட்டி வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு நினைவு பிசகுகிறது என்று முடிவு செய்தேன். பட்டாளத்தில் இருந்தவர் ஊரில் இல்லாதபோது ஊரில் இருந்த தம்பி பெயரில் வரி போட்டிருப்பார்கள், இது நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பதுதான் என்று எனக்கு நானே ஒரு கதையும் சொல்லிக்கொண்டேன். நல்ல கதை. அதனால்தான் அதைச் சோதிக்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உதவி செய்கிறேன் என்று அவருடைய கொழுந்தனாரின் எண்ணை வாங்கி நானே போன் செய்தேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த அக்கா ஒருவர் உண்டு. பெயர் சொன்னால் சங்கடப்படுவார். அவர் முதல் நாளே சொன்னது: "நீ கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிற. கைய அந்தப் பக்கம் நீட்டாத. ஒரு குடும்பத்துக்குள்ள யாரு யார்கிட்ட பேசணும்ங்கறது அவங்க விஷயம்." அது அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"வணக்கங்க, இ-சேவை மையத்துல இருந்து பேசறேன். பதினேழாம் நம்பர் வீட்டு வரி உங்க பேர்ல இருக்குதுங்க. அதை உங்க அண்ணி பேருக்கு மாத்தறதுக்கு ஒரு சம்மதக் கையெழுத்து வேணும்."



"எது, அவங்க இருக்கற வூடா?"

"ஆமாங்க."

"எம்பேர்லயா இருக்குது?"

"ஆமாங்க."

"சரிம்மா. பாத்துக்கறேன்." போன் துண்டிக்கப்பட்டது.

காரியம் முடிந்தது என்று சகாயமேரி அம்மாவிடம் சொன்னேன். அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் காலையில் மையத்தைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். டோக்கன் வாங்கவில்லை.

"என்ன பாப்பா சொன்ன அவனுக்கு?"

"கையெழுத்து கேட்டேன்ங்கம்மா."

"கையெழுத்தா. நேத்து வந்து சொல்றான், 'வூடு எம்பேர்ல இருக்குதாம் அண்ணி, அதுக்காக நான் ஒண்ணும் வெரட்டல, இருக்கற வரைக்கும் இருந்துக்கங்க'ன்னு. எங்க வூட்டுல நான் இருக்கறதுக்கு அவன் பர்மிஷன் குடுக்கறான். அவன் மகன் ஜெரால்டு வந்து டேப்பு வெச்சு அளக்கறான், நடுச்சுவத்த ஒடச்சா எவ்வளவு அகலம் வரும்னு. என்னக் கண்டு தல குனிஞ்சுக்கிட்டே அளக்கறான்."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். வீட்டு வரி ரசீது வரி கட்டியதற்குத்தான் சாட்சி, வீட்டுக்கு உரிமைப் பத்திரம் இல்லை என்றேன். அது உண்மைதான். நீங்களும் வருகிறவர்களிடம் தினமும் சொல்ல வேண்டிய உண்மை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வேறு காகிதம் இல்லை. வீடுகள் நிற்பது நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில். நத்தம் பட்டா இன்னும் இறந்துபோன மாமனார் பெயரிலேயே மொத்தமாக இருந்தது. எந்தப் பாதி யாருடையது என்று சொல்லும் ஒரே காகிதம் அந்த வரிப் பதிவேடுதான்.

"நீ நல்லதுக்குத்தான் செஞ்சிருப்ப" என்றார் போகும்போது. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுக்க நான் சோறு பிசைந்து மகளுக்கு ஊட்டும்போதும் அந்த முதல் நாள் பேச்சையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நான் சொன்னது, அவர் சொன்னது, நான் சொன்னது. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் இடறியது. ரசீதில் கணவர் பெயரைப் பார்த்திருக்கிறேன் என்றாரே. நினைவு பிசகியவர் அப்படிச் சொல்ல மாட்டார். நினைவு பிசகியவர் 'இருக்கும்னு நினைக்கிறேன்' என்பார். அப்படியானால் இன்னாசி பெயரில் ஒரு ரசீது எங்கோ இருக்கிறது. எந்த வீட்டுக்கு?

திங்கட்கிழமை நான் அதைத் தேடுவதற்குள் ஆரோக்கியசாமியே வந்துவிட்டார். கூடவே ஜெரால்டு. வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் வரி ரசீதுகள் வருடவாரியாக. அப்பா பெயரில் இருக்கும் நத்தம் பட்டாவைப் பிரித்து, பதினேழாம் எண் வீடு இருக்கும் பாதியைத் தன் பெயருக்கு மாற்ற மனு. தான் இப்போது குடியிருக்கும் பாதிக்குத் தனியாக இன்னொரு மனு. இரண்டையும் நான்தான் ஏற்ற வேண்டும்.

"நீங்கதான அன்னிக்கி போன் பண்ணுனது?" என்றார். குரலில் மரியாதை இருந்தது. அதுதான் என்னைக் குத்தியது.

மனுவை வாங்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. உங்களுக்கும் இருக்காது. விசாரணையில் அந்த மனு நிற்குமா என்பது வேறு விஷயம். ஆனால் ஏறிவிட்டால் சகாயமேரி அம்மா தன் வீட்டுக்குத் தானே சாட்சி தேடி அலைய வேண்டும். வரி விலக்கும் அதோடு நின்றுபோகும். எல்லாம் என் ஒரு போனால்.

விவரங்களைத் தட்டிக் கொடுத்தேன். சர்வர் சுற்ற ஆரம்பித்தது. நம் சர்வர் சுற்றுவதை நான் திட்டாத நாள் இல்லை, அன்று மட்டும் திட்டவில்லை. அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கத்தைத் திறந்து, அவர் மனுவில் எழுதியிருந்த அவருடைய சொந்த வீட்டு எண்ணைத் தட்டினேன். கதவு எண் 17அ.

வரி விதிக்கப்பட்டவர்: இன்னாசி.

வழக்கம்போல மூன்று தடவை பார்த்தேன். பிறகு அவருடைய உறையிலிருந்த ரசீதுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஆரோக்கியசாமி பெயர், எல்லாவற்றிலும் எண் 17. இத்தனை வருடமாக அண்ணன் குடும்பம் தம்பி வீட்டுக்கும், தம்பி குடும்பம் அண்ணன் வீட்டுக்கும் வரி கட்டி வந்திருக்கிறது. வசூலுக்கு வருபவர் பெயரைச் சொல்லி ரசீதை நீட்டுவார், இவர்கள் பெயரைப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். எண்ணை யாரும் பார்த்ததில்லை.

கையில் இருந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. இவருடைய மனு எந்தக் காரணத்தைச் சொல்லி அண்ணியின் வீட்டைக் கேட்கிறதோ, அதே காரணம் இவருடைய வீட்டை அண்ணிக்குக் கொடுத்துவிடும். இதை நான் சகாயமேரி அம்மாவிடம் சொல்லலாம். சொல்லாமல் மனுவை ஏற்றி, அதிகாரிகளே கண்டுபிடிக்கட்டும் என்று இருக்கலாம். இவர் முகத்துக்கு நேரே திரையைத் திருப்பி, வரிசையில் நிற்கும் இருபது பேர் பார்க்க வாயடைக்கலாம். மூன்றுக்கும் எனக்கு ஆசை வந்தது, மூன்றாவதற்குக் கொஞ்சம் அதிகமாக.

ஆனால் எனக்கு ஒன்று இன்னும் தெரியாது. பெயர்கள் ஏன் மாறி இருக்கின்றன என்பது. அது தெரியாமல் ஒருமுறை வாயைத் திறந்துதான் இத்தனை தூரம் வந்திருந்தது. அதனால், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றைக்குக் கேட்டேன்.

"ஐயா, இந்த வீடு உங்களுக்கு எப்படி வந்ததுங்க?"

"எந்த வூடு?"

"நீங்க இப்ப இருக்கற வீடு."

"அப்பன் வூடுதான். ரெண்டாப் பிரிச்சோம்."

"எப்படிப் பிரிச்சீங்க?"

"சீட்டுப் போட்டுத்தான். அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?"

"மனுவில பாகம் பிரிச்ச விவரம்னு ஒரு இடம் இருக்குங்க. சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அப்படி ஒரு இடம் இருக்கிறது, பொய் இல்லை. எப்போதும் 'வாய்மொழிப் பாகம்' என்று இரண்டு வார்த்தையில் நிரப்பிவிட்டுப் போவோம். அன்று பேனாவை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"மாதா கோயிலுக்கு முன்னால வெச்சு, கோயில் உபதேசியார்தான் சீட்டுக் குலுக்குனாரு. எனக்கு மேக்கால பாதி வந்துச்சு. அண்ணனுக்கு கெழக்கால, கெணத்துப் பக்கம். ஊராட்சிக்காரரு அப்பவே நோட்டுல எழுதிக்கிட்டாரு."

"சரிங்க. அப்புறம்?"

"அப்புறம் என்ன. அண்ணன் லீவு முடிஞ்சு கெளம்பற அன்னிக்கி..." அவர் நிறுத்தினார்.

ஜெரால்டு அவரைப் பார்த்தான். "என்னப்பா?"

"கெளம்பற அன்னிக்கி வந்து, 'கெணத்துப் பக்கம் நீ எடுத்துக்கடா. உன் சம்சாரம் நெறமாசமா இருக்கறா, தண்ணிக்கு நடக்க முடியாது. நான் இங்க இருக்கப் போறதா என்ன'ன்னு சொன்னாரு. அன்னிக்கே சாமானத் தூக்கி மாத்திட்டோம்."

"அத எழுதலீங்களா?"

"அண்ணந் தம்பிக்குள்ள இதப் போயி யாரும்மா எழுதுவாங்க."

அவருடைய ரசீது ஒன்றை உறையிலிருந்து எடுத்து, எண்ணுக்கு நேரே விரலை வைத்து அவர் பக்கம் திருப்பினேன். பிறகு திரையை, பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாத அளவுக்கு மட்டும், திருப்பினேன்.

அவர் மெதுவாகத்தான் படித்தார். ஜெரால்டு வேகமாகப் படித்துவிட்டான்.

"அப்ப நம்ம வூடு பெரியப்பா பேர்லயா இருக்குது?"

ஆரோக்கியசாமி ரசீதை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"நெறமாசம்னது நான்தானாப்பா?"

"நீதான்டா. வேற யாரு."

திரையில் மனு தயாராகி, சமர்ப்பிக்கவா என்று கேட்டுக்கொண்டு நின்றது. "ஏத்தட்டுங்களா?" என்றேன். அதைக் கேட்பது என் கடமை, கேட்டுத்தான் ஆக வேண்டும். ஜெரால்டு கையை நீட்டி உறையை எடுத்துக்கொண்டான். அப்பா எழுந்திருப்பதற்கு முன்பே அவன் வாசலுக்குப் போயிருந்தான்.

மறுநாள் மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். சகாயமேரி அம்மா நடுவில் உட்கார்ந்தார், மற்ற இருவரும் நின்றார்கள். இப்போது அவருடைய கையெழுத்தும் தேவைப்பட்டது, கொழுந்தனாரின் வீட்டுக்கு. அது அவருக்குத் தெரிந்திருந்தது.

"ரெண்டு தகட்டையும் கழட்டி மாத்தி மாட்டிட்டா முடிஞ்சுதுங்களே அக்கா" என்றான் ஜெரால்டு என்னிடம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆதார், ரேஷன், கரண்டு பில் எல்லாம் இப்போதிருக்கும் எண்ணில் இருக்கின்றன, வரிப் பதிவேட்டில் பெயரை மாற்றுவதுதான் வழி என்று விளக்கினேன். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றார் சகாயமேரி அம்மா.

ஆரோக்கியசாமியின் முகம் வெளுத்தது. "அண்ணி..."

"நான் ஒண்ணும் வெரட்டலடா. இருக்கற வரைக்கும் இருந்துக்க."

ஜெரால்டுதான் முதலில் சிரித்தான். பிறகு சகாயமேரி அம்மா. ஆரோக்கியசாமிக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரமானது, அதுவும் சரியாக வரவில்லை. "நாஞ் சொன்னது தப்புதானுங்க அண்ணி" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. அந்த அம்மா என்னிடம் பேனா கேட்டார். இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் தராமல் கொழுந்தனாரிடம் நீட்டினார்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஒரு வீட்டு எண்ணைத் தட்டும்போது பக்கத்து வீட்டு எண்ணையும் தட்டிப் பாருங்கள், அரை நிமிடம்தான் ஆகும். பதிவேடு பொய் சொல்லாது, ஆனால் எழுதிய நாளோடு அது நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் மனிதர்கள் சாமானைத் தூக்கி மாற்றிக்கொள்கிறார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதும் திரை சொல்வதும் முரண்பட்டால், இரண்டும் உண்மையாக இருக்க வழி உண்டா என்று ஒருமுறை யோசியுங்கள். பல நேரம் உண்டு. வீடு எப்படி வந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

அந்த அக்கா சொன்னதை நான் இரண்டு தடவை மீறியிருக்கிறேன். போன் செய்தது ஒரு தடவை, கேள்வி கேட்டது இன்னொரு தடவை. முதலாவது தவறு, இரண்டாவது சரி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஒன்றில் நான் அவர்களுக்காகப் பேசினேன். இன்னொன்றில் அவர்களைப் பேச விட்டேன்.

பெயர் மாற்றத்துக்கும் அதன் பிறகு வரி விலக்குக்கும் சில மாதங்கள் பிடித்தன. ஊராட்சியிலிருந்து ஒருவர் நேரில் போய், பதினேழாம் எண் வீட்டில் அந்த அம்மாதான் குடியிருக்கிறார் என்று பார்த்து எழுதினார். ஆணை வந்த அன்று அதை அச்செடுத்துக் கொடுத்தேன். சகாயமேரி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் எண்ணைத் தேடினார், அப்புறம்தான் கணவர் பெயரை. இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மடிக்காமல் பைக்குள் வைத்தார்.

அதே நாளில் 17அ பெயர் மாற்றமும் வந்திருந்தது. அதைச் சொல்ல வேண்டுமே என்று என் கை தானாகப் போனை எடுத்தது. ஆரோக்கியசாமியின் எண் இன்னும் அதில் இருந்தது.

சகாயமேரி அம்மா என் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"நீ போன் போடாத கண்ணு. ஒரே சுவருதான். நான் தட்டிச் சொல்லிக்கறேன்."